அந்தால்யா பழைய நகரம்: படி இறங்கச் சிரமப்படும் அம்மாவோடு அக்டோபரில் 5 இரவு

நொய்யல் கேட்டது:

அக்டோபர் இரண்டாம் வாரம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து துருக்கியின் அந்தால்யாவுக்கு 5 இரவு. நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு 66 வயது, கோவையிலிருந்து ஷெங்கன் விசாவில் வந்திருக்கிறார். சமதரை என்றால் ஒரு மணி நேரம் நடப்பார். படிதான் பிரச்சினை, அதிலும் ஏறுவதைவிட இறங்குவது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

கேள்விகள்: கலேயிச்சி என்கிற பழைய கோட்டைப் பகுதிக்குள்ளேயே தங்கலாமா, வெளியே தங்கிவிட்டுப் போய்வரலாமா? கார் எடுக்காமல் பெர்கே, அஸ்பெண்டோஸ் என்ற பழங்கால நகர இடிபாடுகள் இரண்டையும் பார்க்க முடியுமா? கடலில் கால் நனைக்கவாவது அம்மாவுக்கு ஏற்ற இடம் எது? சாப்பாட்டுக்கு என்ன சொல்லிக் கேட்பது? "அழகான ஊர், கட்டாயம் போங்கள்" என்பதற்கு மேல் விவரமாகச் சொன்னால் நல்லது. அந்த வரியை ஏற்கெனவே நாற்பது இடத்தில் படித்தாகிவிட்டது.

---

கல்வெட்டுக்குருவி பதில்:

இந்த ஊருக்குத் தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், உயரத்தை வைத்துப் போடுங்கள். மணிக்கூண்டுக்கும் பழைய துறைமுகத்துக்கும் வரைபடத்தில் ஒரு விரற்கடை தூரம்தான் தெரியும். நிஜத்தில் ஒன்று பாறையின் தலையில் இருக்கிறது, மற்றது காலடியில். நடுவே 30, 40 மீட்டர் செங்குத்து.

காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. வடக்கே இருக்கும் டாரஸ் மலை சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு நிலத்தடியில் ஓடி, ஊற்றாக வெளியே வரும்போது சுண்ணாம்பைப் படியவிடுகிறது. உப்புத்தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகக் காறை பிடிக்குமே, அதே வேலைதான். லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பிடித்த காறை கடல்வரைக்கும் ஒரு பெரிய திண்ணையாக நிற்கிறது. டிராவர்டைன் என்பார்கள். நகரம் அந்தத் திண்ணைமேல் உட்கார்ந்திருக்கிறது. திண்ணையின் விளிம்புதான் கடலோரச் செங்குத்து. பழைய நகரத்தை ஒட்டி நீண்ட மணற்கரை கிடையாது என்பதற்கும், டூடென் ஆறு மண்ணில் கலக்காமல் சுமார் 40 மீட்டர் உயரத்திலிருந்து நேராகக் கடலுக்குள் விழுகிறது என்பதற்கும் இதே காரணம்தான்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர் இரண்டாம் அட்டாலோஸ் இங்கே ஊர் அமைத்ததும் இந்தப் பாறையில் இருந்த ஒரே நல்ல வெட்டுவாய்க்காகத்தான். அதுதான் இன்றைய படகுத்துறை. அவர் பெயரால் அட்டாலேயா, அது திரிந்து அந்தால்யா.

உங்கள் அம்மாவை முன்னிட்டு கலேயிச்சியை இரண்டு தட்டாகப் பிரித்து, வேறு வேறு நாளில் பாருங்கள். ஒரே நாளில் மேலிருந்து கீழே இறங்கித் திரும்ப ஏறுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. மத்தியானம் முழங்கால் வீங்கி, மறுநாள் அறையில் படுத்துக்கிடப்பார்கள்.

மேல்தட்டு: ஹேட்ரியன் வாசலில் தொடங்குங்கள். பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 130இல் வந்ததன் நினைவாகக் கட்டிய மூன்று வளைவு வாசல். ஊர்க்காரர்கள் 'உச்கப்பிலர்' என்பார்கள், மூன்று கதவு என்று பொருள். சாலை மட்டம் காலப்போக்கில் உயர்ந்துவிட்டதால் வாசலுக்குச் சில படிகள் இறங்கவேண்டும். மேல்தட்டில் அம்மாவுக்குச் சிரமம் தரும் படி பெரும்பாலும் அவ்வளவுதான். நடு வளைவுக்குள் போனதும் குனிந்து பாருங்கள். கண்ணாடித் தளத்துக்குக் கீழே பழைய தளக்கல், அதில் வண்டிச் சக்கரம் அறுத்த தடம் பள்ளமாகத் தெரியும். பிறகு நிமிர்ந்து வளைவின் உட்கூரையைப் பாருங்கள்: சதுரம் சதுரமாகக் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கல்பூ. வெளியே நின்று பார்த்தால் இடது கைப் பக்கத்துக் கோபுரம் ரோமானியர் கட்டியது. வலது கைக் கோபுரத்தின் மேற்பகுதி செல்ஜுக் என்ற துருக்கிய வம்சத்துச் சுல்தான் அலாவுதீன் கைகுபாத் காலத்தது. கல் வெட்டிய விதத்திலேயே வித்தியாசம் புரியும். பெரும்பாலானோர் வளைவுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த மூன்றையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

வாசலைத் தாண்டினால் ஹெசாப்சி தெரு. லேசான சரிவோடு நேராகக் கடற்பக்கம் போகிறது. பாதி வழியில் கெசிக் மினாரே, 'வெட்டுப்பட்ட மினார்'. ரோமானியக் கோயிலாக இருந்து பைசாந்திய தேவாலயமாகி, செல்ஜுக்குகள் காலத்தில் பள்ளிவாசலாகி, 1361இல் சைப்ரஸ் அரசர் ஊரைப் பிடித்தபோது மறுபடி தேவாலயமாகி, 1373க்குப் பிறகு மீண்டும் பள்ளிவாசலானது. 1896 தீவிபத்தில் மினாரின் மரத் தலை எரிந்துபோனது, அதனால்தான் இந்தப் பெயர். அண்மையில் புதுப்பித்தபோது தலையைத் திரும்ப வைத்துவிட்டார்கள். அதனால் இப்போது வெட்டுப்படாத மினாருக்கு வெட்டுப்பட்ட மினார் என்று பெயர். தொழுகை நடக்கிற இடம். உள்ளே போவதென்றால் அம்மாவுக்குத் தலைக்கு ஒரு துண்டு வேண்டும், சேலைத் தலைப்பே போதும்.

தெரு முடியும் இடத்தில் ஹிதிர்லிக் கோபுரம். கீழே சதுரம், மேலே வட்டம், 14 மீட்டர். அதன் பக்கத்திலேயே கராலியோலு பூங்கா, பாறை விளிம்பில், சமதரையாக, நிறைய பெஞ்சுகளோடு. மாலை 5.30க்கு அங்கே உட்கார்ந்துவிடுங்கள். அக்டோபர் நடுவில் சூரியன் 6.20 வாக்கில், வளைகுடாவுக்கு எதிரே பேய் மலைத்தொடருக்குப் பின்னால் இறங்கும். அந்தப் பெயரில் அஞ்ச ஒன்றுமில்லை. துருக்கியில் 'பேய்' என்றால் குறுநிலத் தலைவர். வாசலிலிருந்து பூங்காவரை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, எல்லாம் மேல்தட்டிலேயே.

கீழ்த்தட்டு: ஜும்ஹூரியத் சதுக்கத்தின் கடற்பக்கத்தில் இலவச லிஃப்ட் இருக்கிறது, துறைமுக மட்டத்துக்கு இறக்கிவிடும். பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. 'கிர்க் மெர்திவென்', அதாவது நாற்பது படி என்று பெயர் வைத்த வழியாக இறங்கிவிட்டு மூச்சு வாங்குவார்கள். கீழே இஸ்கெலே பள்ளிவாசலைப் பாருங்கள். கல்தூண்கள்மேல் தூக்கிக் கட்டிய குட்டிப் பள்ளி, அடியில் ஊற்று நீர் ஓடுகிறது. நான் மேலே சொன்ன நிலத்தடித் தண்ணீர்தான் அது.

மேலே திரும்பி வந்ததும் யிவ்லி மினாரே பக்கத்திலேயே. 13ஆம் நூற்றாண்டு, செங்கல், 38 மீட்டர், எட்டு அரைவட்டப் புடைப்பு. அருகில் உள்ள ஆறு குவிமாடப் பள்ளிவாசல் 1373இல் எழுந்தது. சைப்ரஸ்காரர்களிடமிருந்து ஊரை மீட்ட அதே வருடம்.

ஒரு கூடுதல் செய்தி. 1330களின் தொடக்கத்தில் உலகப் பயணி இப்னு பதூதா இங்கே வந்தார். கிறிஸ்தவ வணிகர்கள், யூதர்கள், அரசர், மற்ற முஸ்லிம்கள் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி மதில் சூழ்ந்த பகுதி, இரவிலும் வெள்ளித் தொழுகை நேரத்திலும் துறைமுகப் பகுதியின் கதவுகளைச் சாத்திவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். கொட்டைப்பருப்பு இனிக்கும் ஒரு வகை ஆப்ரிகாட் பழத்தையும் புகழ்ந்திருக்கிறார். பத்துப் பதினைந்து வருடம் கழித்து மதுரைக்கு வந்து கொள்ளைநோயைப் பார்த்து எழுதினாரே, அதே மனிதர்தான்.

தங்குவது பற்றி என் கருத்து: கலேயிச்சிக்குள் வேண்டாம். பழைய ஒட்டமான் வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். கூழாங்கல் பதித்த முற்றம், தெருவுக்குமேல் நீட்டிய மரச் சாளரம் எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அறைகள் மாடியில், மரப்படி செங்குத்து, லிஃப்ட் அரிது. தெருக்களுக்குள் வண்டி வரத் தடுப்புக்கம்பம் வைத்திருப்பதால், டாக்சி விட்ட இடத்திலிருந்து கல்தெருவில் பெட்டியை உருட்ட வேண்டும். சின்னச் சக்கரம் கல் இடுக்கில் சிக்கிப் பிய்ந்துபோகும். துறைமுகத்துக்கு மேலே உள்ள தெருக்களில் மதுக்கடை இசை நள்ளிரவு தாண்டியும் ஓயாது. பூங்காவுக்குக் கிழக்கே, மதிலுக்கு வெளியே, சாதாரண லிஃப்ட் உள்ள ஹோட்டல் எடுங்கள். மேல்தட்டிலேயே இருப்பீர்கள், நடந்தே உள்ளே போகலாம். உள்ளேதான் தங்கவேண்டும் என்று மனம் கேட்டால் 'ஜெமின் கத்' என்று எழுதிக் கேளுங்கள், தரைத்தளம் என்று பொருள்.

---

வடமராட்சி பதில்:

குருவி ஊரைச் சொல்லிப்போட்டார், நான் காகித வேலையைச் சொல்லுறன். டிக்கெட் போட முதல் அம்மாவின்ர ஷெங்கன் விசாவை எடுத்துப் பாருங்கோ. எத்தனை முறை நுழையலாம் எண்ட இடத்தில 'மல்ட்' எண்டு இருந்தா பிரச்சினை இல்லை. '01' எண்டு இருந்தா துருக்கிக்குப் போனவுடனேயே அந்த ஒரு நுழைவு முடிஞ்சுது. திரும்பி ஸ்டுட்கார்ட்டில இறங்கேலாது, விமானத்திலயே ஏத்தமாட்டினம். விசா இன்னும் ரெண்டு மாசம் இருக்கு எண்டு சொல்லிப் பிரயோசனம் இல்லை.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு துருக்கி இ-விசா எல்லாருக்கும் கிடையாது. ஷெங்கன், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து இதில ஏதாவது ஒண்டின்ர செல்லுபடியான விசாவோ வதிவிட அனுமதியோ இருந்தாத்தான் தருவினம். ஒரு முறை நுழைவு, 30 நாள். உங்களுக்கு ஜெர்மன் வதிவிட அட்டை, அம்மாவுக்கு ஒட்டின ஷெங்கன் விசா. நீங்கள் இறங்கிற நாளிலயும் அது ரெண்டும் செல்லுபடியா இருக்கோணும். மூலப் பிரதியைக் கையில கொண்டு போங்கோ, போன் படம் காணாது. அரசாங்கத் தளத்தில மட்டும் எடுங்கோ. தேடினா மேல வாறது கூடுதலா இடைத்தரகர் தளங்கள், ரெண்டு மூண்டு மடங்கு காசு.

அம்மாவுக்கு விசாவுக்காக எடுத்த காப்புறுதி ஷெங்கன் நாடுகளுக்கு மட்டுமா எண்டும் பாத்துக்கொள்ளுங்கோ. துருக்கி அதுக்குள்ள வராது. அதே மாதிரி உங்கட ஜெர்மன் சிம்மின்ர ஐரோப்பிய ரோமிங்கும் அங்கை செல்லாது. விமானம் இறங்கி போன் தன்பாட்டில டேட்டா இழுத்தா பில் கண்ணைக் கட்டும். புறப்பட முதல் இ-சிம் வாங்கி ஏத்திப்போடுங்கோ, துருக்கிக்குள்ள போனாப்பிறகு சில இ-சிம் தளங்கள் திறக்காது.

விமான நிலையம்: வெளிநாட்டு விமானங்களுக்கு முனையம் 1, முனையம் 2 எண்டு ரெண்டு. டிராம் நிக்கிறது 1க்குக் கிட்ட. 2இல இறங்கினா பெட்டியோட நடக்கிற தூரம் இல்லை, ஷட்டில் இல்லாட்டி டாக்சி. போர்டிங் பாஸில எந்த முனையம் எண்டு பாத்து வையுங்கோ, வரேக்குள்ளயும் மாறிப்போய் நிண்டு ஓடுறவை கனபேர். டிராமில வந்தா இஸ்மத்பாஷா நிறுத்தம், அங்கையிருந்து பழைய நகரம் கொஞ்ச நடை. வாசல்ல தொடாமல் தட்டுற வங்கி அட்டை வேலை செய்யும், ரூபே அட்டையை நம்பவேண்டாம். ஆனா அம்மாவும் பெட்டியும் எண்டா முதல் நாள் டாக்சியே நல்லம். மஞ்சள் டாக்சி, மீட்டர் போடச் சொல்லுங்கோ.

ஏடிஎம்மில காசு எடுக்கேக்குள்ள "யூரோவில கழிக்கட்டோ, லீராவில கழிக்கட்டோ" எண்டு கேக்கும். எப்பவும் லீரா. யூரோ எண்டு அமத்தினா அந்த மெசினின்ர மாற்றுவிலைதான், அது உங்களுக்கு நட்டம்.

கடல்: கொன்யால்ட்டி கரை ஏழு கிலோமீட்டர் நீளம், ஆனா மணல் இல்லை, கூழாங்கல். செருப்புக் கழட்டினா அம்மாவால நிக்கேலாது. தண்ணிக்குள்ள நாலு அடி வைக்கேக்குள்ளயே அடித்தளம் சடாரெண்டு இறங்கும், அலை வந்தா காலுக்குக் கீழ கல் உருளும். மெர்மெர்லி எண்டு பழைய நகரத்துக்குக் கீழ ஒரு சின்னக் கரை இருக்கு, காசு குடுத்துத்தான் போகலாம், போறதும் படியால. அதை விடுங்கோ. லாரா பக்கம் போங்கோ. அதிலயும் கிட்ட இருக்கிற பகுதி பாறைதான், ஏணி வைச்ச மேடையால கடலுக்குள்ள இறங்கிறது. அதைத் தாண்டிக் கிழக்கால போனாத்தான் மணல். கொன்யால்ட்டிக்கும் லாராவுக்கும் இடையில கேஎல்08 எண்ட நகர பஸ் ஓடுது. அக்டோபரில கடல் 24, 25 டிகிரி இருக்கும், எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் குளிர், ஜெர்மன்காரனுக்குச் சுகம்.

படகு எண்டா காலமை போங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு கடல்காத்து எழும்பி ஆட்டும். துறைமுகத்தில நிக்கிற பெரிய கப்பல் மாதிரிப் படகுகளில பாட்டும் நுரையும் ஆட்டமும், சாப்பாடு சேர்த்தி ஆனா குடிக்கிறது எல்லாம் தனிக் காசு. உங்களுக்குத் தேவை கீழ் டூடென் அருவிவரை போய்த் திரும்புற குட்டிப் பயணம். ஏறமுதல் "அருவிவரை போகுமோ" எண்டு கேளுங்கோ, சிலது பாதியிலயே திருப்பிப்போடும்.

---

எள்ளுருண்டை பதில்:

சாப்பாட்டுக்கு முதல் எச்சரிக்கை: 'எத்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது. ஆனால் பல கடைகளில் 'எத்' என்றால் ஆடு, மாடு மட்டும்தான் நினைவுக்கு வரும். கோழி போட்டுக் கொடுத்துவிட்டு "எத் இல்லையே" என்பார்கள், பொய்யில்லை அவர்கள் கணக்கில். "எத் யோக், தவுக் யோக், பாலிக் யோக், யுமுர்தா யோக்" என்று நான்கையும் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், முட்டை வேண்டாம்.

இரண்டாவது பொறி கண்ணுக்குத் தெரியாதது. பருப்பு சூப்பான மெர்ஜிமெக் சோர்பா பார்க்கச் சைவம்தான், பல இடத்தில் எலும்புச் சாறில் செய்வார்கள். வெள்ளைச் சோறான பிலாவையும் கோழிச் சாறில் வேகவைப்பது வழக்கம். "எத் சுயு வர் மி, தவுக் சுயு வர் மி" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வெள்ளை பீன்ஸ் குழம்பான குரு ஃபசூல்யேவில் இறைச்சித் துண்டு அடியில் கிடக்கும், கரண்டி விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பது 'ஜெய்தின்யாலி' வகை. ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறிகள். கத்தரிக்காய்க்குள் வெங்காயமும் தக்காளியும் அடைத்த இமாம் பயில்தி, அரிசி பொதிந்த திராட்சை இலைச் சுருள். இலைச் சுருளில் இறைச்சி வைத்த வகையும் உண்டு. அது சூடாக வரும், சைவம் ஆறி வரும். தட்டைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அந்தால்யாவுக்கே உரியது பியாஸ். துருக்கி முழுக்க இந்தப் பெயரில் பீன்ஸ் சாலட் கிடைக்கும், ஆனால் இங்கே மட்டும் எள் அரைத்த தஹின் ஊற்றுவார்கள். சின்ன வெள்ளை பீன்ஸை வேகவைத்து, தஹினில் பூண்டு, எலுமிச்சை, வினிகர் சேர்த்து, பீன்ஸ் வெந்த தண்ணீராலேயே இளக்கி, மோர்க்குழம்புப் பதத்தில் மேலே ஊற்றுவார்கள். தக்காளி, பார்ஸ்லி, அதற்குமேல் நறுக்கிய அவித்த முட்டை. முட்டை கடைசியில்தான் வருகிறது என்பதால் "யுமுர்தாசிஸ்" என்றால் தயங்காமல் இல்லாமல் தருவார்கள். தஹின் தோல் நீக்கிய எள்ளில் செய்வது, நம் எள்ளுப்பொடியின் கசப்பு வராது. அம்மாவுக்கு முதல் வாயிலேயே பிடிக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கடைகளில் பக்கத்து அடுப்பில் கொஃப்தே என்ற இறைச்சி உருண்டை சுடுவார்கள், அந்த வாடை ஆகாது என்றால் வெளி மேசையில் உட்காருங்கள்.

ஹிபெஷ் என்று இன்னொன்று இதே ஊரில்: தஹின், சீரகம், பூண்டு, எலுமிச்சை, மிளகாய்த்தூள். ரொட்டியில் தடவித் தின்பது. துவையல் பழகிய நாக்குக்கு இதைவிட நெருக்கமான பண்டம் அங்கே கிடைக்காது.

வழியில் பசித்தால் கோஸ்லெமே: மெல்லிய மாவை விரித்து, உருளைக்கிழங்கோ கீரையோ வெண்ணெய்க்கட்டியோ வைத்து மடித்துக் கல்லில் சுடுவது. கண்முன்னே செய்வதால் சந்தேகம் இல்லை. கடைகளில் விற்கும் 'சீ கொஃப்தே' பெயரில்தான் கொஃப்தே. பொதுவிற்பனைக்குப் பச்சை இறைச்சி கூடாது என்பதால் புல்குர் கோதுமையும் மசாலாவும் மட்டுமே. காரம் இருக்கும், இலைக்கோசில் சுருட்டித் தருவார்கள்.

இனிப்புக்கு யானிக் தொந்துர்மா. 'கருகிய ஐஸ்கிரீம்'. ஆட்டுப்பாலை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டுச் செய்வது. பால் அடிப்பிடித்தால் வீட்டில் திட்டு விழும் வாசனை, அங்கே அதற்குக் காசு. எல்லோருக்கும் பிடிக்காது, ஒரு கரண்டி கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோக நார்த்தங்காயின் உறவான துருஞ்ச் பழத் தோலில் செய்த ஜாம் நல்லது. கைப்பெட்டியில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள்.

---

நொய்யல் கேட்டது:

அம்மாவின் விசா 'மல்ட்' தான், பார்த்துவிட்டேன். வடமராட்சி அண்ணா, நன்றி; காப்புறுதி ஷெங்கனுக்கு மட்டும்தான், தனியாக எடுக்கப்போகிறேன்.

பெர்கே, அஸ்பெண்டோஸ் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எது? டெர்மெஸ்ஸோஸ் படங்களும் மனதை இழுக்கின்றன. அருங்காட்சியகத்துக்கு ஒரு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

---

கல்வெட்டுக்குருவி பதில்:

அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிய அரை நாளை வேறு எதற்காவது கொடுங்கள். நிலநடுக்கத்தைத் தாங்காது என்று சொல்லி 2025 ஜூலையில் பழைய கட்டடத்தை மூடிவிட்டார்கள். புதிது எழும்பித் திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். பெரிய இழப்பு. பெர்கேயில் கிடைத்த சிலைகளின் வீடு அது. களைத்துப்போய்த் தடிமேல் சாய்ந்து நிற்கும் ஹெராக்ளிஸ் சிலையின் மேல்பாதி அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்து 2011இல்தான் திரும்பி வந்து கீழ்ப்பாதியோடு சேர்ந்தது.

டெர்மெஸ்ஸோஸ் வேண்டாம். கி.மு. 333இல் அலெக்சாண்டரே பிடிக்க முடியாமல் விட்டுப்போன மலைக்கோட்டை. தேசியப் பூங்கா வாசலிலிருந்து வண்டி நிறுத்துமிடமே 9 கிலோமீட்டர், பொதுப் பேருந்து கிடையாது, அதற்குமேல் உருண்ட கற்களில் ஏற்றம். உங்கள் அம்மாவுக்குச் சிரமமான இறக்கம் முழுக்கத் திரும்பும் வழியில்தான் வரும், களைத்த காலோடு.

பெர்கேயும் அஸ்பெண்டோஸும் ஒரே நாளில் முடியும், அதுவும் அம்மாவோடு. பெர்கே சமதரை. ரோமானியர் காலத்து அகலத் தெரு நேராக வடக்கே ஓடுகிறது, அதன் நடுவே கல்லில் வெட்டிய நீர்க்கால். கடைசியில், மேட்டின் அடிவாரத்தில், கெஸ்ட்ரோஸ் ஆற்றுத் தெய்வம் சாய்ந்து படுத்திருக்கும் நீரூற்று மண்டபம். தண்ணீர் அவர் காலடியிலிருந்து புறப்பட்டு ஊர் நடுவே ஓடிவந்தது. கோடையில் 35 டிகிரி அடிக்கும் சமவெளியில் ஒரு தெருவைக் குளிர்விக்கச் செய்த ஏற்பாடு. கால்வாயில் இடைவெளிவிட்டுக் குறுக்குக் கற்கள் இருப்பதைக் கவனியுங்கள். தண்ணீரைத் தேக்கித் தேக்கி விடத்தான். நிழல் மட்டும் சுத்தமாக இல்லை. குடை அவசியம், தொப்பி போதாது. தெருவைத் தவிர மற்ற இடங்களில் கல் மேடுபள்ளம், அம்மாவைத் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போகவர ஒன்றரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அஸ்பெண்டோஸ் வேறு ரகம். கி.பி. 2ஆம் நூற்றாண்டு அரங்கு, ஜெனோன் என்ற கட்டடக்கலைஞரின் வேலை. மற்ற ஊர்களில் அரங்கு என்றால் அரைவட்டப் படிகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்; இங்கே மேடைக் கட்டடமும் முழு உயரத்துக்கு நிற்கிறது. செல்ஜுக் சுல்தான்கள் இதைத் தங்குமிடமாகப் பழுதுபார்த்து வைத்திருந்ததால் தப்பியது. மேடைச் சுவரில் அவர்கள் தீட்டிய சிவப்பு நெளிகோடுகளின் மிச்சம் இன்னும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். நுழைவு தரைமட்டத்தில் என்பதால் அம்மா படி ஏறாமலே உள்ளே போய்க் கீழ்வரிசையில் உட்காரலாம். நீங்கள் மட்டும் மேலே ஏறுங்கள். அம்மாவைக் கீழிருந்து பேசச் சொல்லி, உச்சிவரிசைக்குக் கேட்கிறதா என்று பாருங்கள்.

சுற்றுலா பஸ்கள் அரங்கோடு திரும்பிவிடும். அரங்கைத் தாண்டி வடக்கே ஒரு கிலோமீட்டர் போனால் நீர்க்குழாய்ப் பாலம். பள்ளத்தாக்கின் குறுக்கே சுமார் 1.7 கிலோமீட்டர் தூரத்துக்குக் கல்குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றிய ஏற்பாடு. வழி திரும்பும் இரண்டு இடத்தில் கோபுரம் கட்டித் தண்ணீரை மேலே கொண்டுபோய்த் திறந்த தொட்டியில் விட்டு இறக்கியிருக்கிறார்கள். குழாய் திருப்பத்தில் தண்ணீரின் உந்துவிசை கல்லைப் பிளந்துவிடாமல் இருக்க. வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். அதேபோல நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி வரும் வழியில் செல்ஜுக் பாலம். ரோமானியப் பாலம் இடிந்து விழுந்தபோது ஆற்றில் சரிந்து கிடந்த பழைய அடித்தூண்கள்மேலேயே புதிதாகக் கட்டியதால் பாலம் நடுவில் வளைந்து நெளிந்து போகிறது.

போகும் விதம்: டிராமில் அக்சுவரை போய் அங்கிருந்து பெர்கே இரண்டு கிலோமீட்டர். அதற்குமேல் டிராம் உதவாது. அஸ்பெண்டோஸுக்கு செரிக் போய், அங்கிருந்து பெல்கிஸ் கிராமத்து டொல்முஷ் வேன் பிடிக்கவேண்டும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இருவர் என்பதால் அரை நாளுக்கு டாக்சி பேசுங்கள். முந்தின நாளே ஹோட்டலில் சொல்லி, இடங்களின் பெயர், காத்திருக்கும் நேரம், மொத்தத் தொகை மூன்றையும் எழுதி வாங்குங்கள். 'பெக்லெமே தாஹில்' என்றால் காத்திருப்பும் சேர்த்தி. இந்தச் சொல் தாளில் இல்லாவிட்டால் திரும்பும்போது கணக்கு மாறும். நீர்க்குழாய்ப் பாலத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள், இல்லாவிட்டால் அது கூடுதல் தூரம் ஆகிவிடும்.

அந்தால்யாவிலிருந்து கிளம்பும் பஸ்கள் வழக்கமாகப் பெர்கேயை முதலில் பார்த்துவிட்டு அஸ்பெண்டோஸ் வரும். நீங்கள் திருப்பிப் போடுங்கள்: காலை 8 மணிக்குக் கிளம்பி அஸ்பெண்டோஸ், வெயில் சாயும்போது பெர்கே. ஆனால் டிக்கெட் ஜன்னலைத் தளம் மூடுவதற்கு முன்பே மூடிவிடுவார்கள், அந்த நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் யூரோவில் நிர்ணயித்து லீராவில் வாங்குகிறார்கள். இரண்டு மூன்று தளம் போவதென்றால் கூட்டு அட்டை லாபமா என்று கூட்டிப் பாருங்கள். உங்கள் திட்டத்துக்குத் தனித்தனி டிக்கெட்டே போதும் என்று தோன்றுகிறது.

---

காறைச்சுவர் பதில்:

ஒரே ஒரு சேர்க்கை. அந்த இலவச லிஃப்ட் சில நாள் பராமரிப்புக்காக நிற்கும். கீழே இறங்கியபின் நின்றால் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் காலையிலேயே ஓடுகிறதா என்று மேலே இருந்து பார்த்துவிட்டு இறங்குங்கள். ஓடாவிட்டால் நாற்பது படிப் பக்கம் போகவேண்டாம். மணிக்கூண்டிலிருந்து உசுன் சார்ஷி என்ற கடைத்தெரு சரிவாகவே துறைமுகப் பக்கம் இறங்குகிறது. கடைக்காரர்கள் தோல்பை, மசாலா என்று நிறுத்துவார்கள். நிறுத்தினால் அம்மாவுக்கு ஓய்வு என்று எடுத்துக்கொள்ளலாம், முக்காலி போட்டு ஆப்பிள் டீயும் தருவார்கள், வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை.

அக்டோபர் நடுவிலிருந்து முதல் மழை எந்த நாளும் வரலாம், வந்தால் அரை மணியில் கொட்டித் தீர்க்கும். அந்தத் தெருக்கல் நடுவில் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும், ஈரத்தில் வழுக்கும். கல் தேயாமல் சொரசொரப்பாக இருப்பது இரு பக்கச் சுவரோரம்தான். அம்மாவைச் சுவர்ப்பக்கம் விட்டு நீங்கள் வெளிப்பக்கம் நடங்கள். செருப்பு வேண்டாம், பின்பக்கம் பட்டை உள்ள ரப்பர் அடி ஷூ.